ஒரே மாதத்தில் மூன்று அமாவாசை

நான் கணக்கு டீச்சர். திண்டிவனத்தில் ஒரு தனியார் பள்ளியில் எட்டாவதுக்கும் ஒன்பதாவதுக்கும் பாடம் எடுக்கிறேன். கோபம் சட்டென்று வரும், வந்தால் வாய் நிற்காது. ஆனால் எழுதப் போவது என்னைப் பற்றி இல்லை, என்னோடு ஒரே வீட்டில் இருக்கும் அமலாவைப் பற்றி. "உன்னப் பத்தி எழுதட்டுமா?" என்று கேட்டேன். "எழுதுங்கக்கா. ஆனா உங்களையும் விடாம எழுதணும்" என்று சொல்லிவிட்டாள். அதனால் நானும் வருகிறேன். நல்ல விதமாக வரமாட்டேன்.

அமலாவுக்கு வல்லத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அவள் ஆறாவது படிக்கும்போது அப்பா போய்விட்டார். அம்மா சவுரியம்மாள் அடுத்தவர் நிலத்தில் களை எடுத்து, மல்லாட்டை பறித்து இவளை ஆளாக்கினார். பள்ளிக்கூடம் முழுக்க ஹாஸ்டல் வாசம், அப்புறம் திண்டிவனத்தில் பி.சி.ஏ. இப்போது விழுப்புரத்தில், பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து மாடியில், பள்ளிகளுக்கும் கிளினிக்குகளுக்கும் சாஃப்ட்வேர் செய்து தரும் ஒரு சின்ன ஆபீஸில் இருக்கிறாள். சேர்ந்தது டேட்டா என்ட்ரிக்கு. இரண்டு வருஷமாக மாணவன் பெயர், அப்பா பெயர், ரத்த வகை என்று தட்டிக்கொண்டே இருந்தாள். மாவட்டத்தில் பாதிப் பிள்ளைகளின் ரத்த வகை உனக்கு மனப்பாடம் என்று கிண்டல் செய்வேன். சிரிப்பாள், பதில் பேசமாட்டாள். அழுத்தக்காரி.

காலையில் ஏழேகால் பஸ்ஸைப் பிடித்து விழுப்புரம் போவாள். சாயங்காலம் கூட்டேரிப்பட்டில் ஒரு அரைமணி நேரம் பஸ் நின்று நின்று வந்து சேரும்போது ஏழாகிவிடும். அப்புறம் லேப்டாப்பைத் திறந்துகொண்டு உட்காருவாள். ஆப் செய்வதை வீடியோ பார்த்து அவளாகவே கற்றுக்கொண்டாள்.

வீட்டில் நாங்கள் மூன்று பேர். மூன்றாவது ஆள் அங்காள பரமேஸ்வரி, மேல்மலையனூர்ப் பெண், மெடிக்கல் ஷாப்பில் வேலை. அவ்வளவு பெரிய பெயரைக் கூப்பிட நேரமில்லை, பரமு. எனக்குச் சொந்த ஊர் பனமலை, நிலம் நீச்சு உள்ள குடும்பம். அமலாவை வீட்டில் சேர்த்ததே நான்தான். வீட்டுக்கார அம்மா, "பொண்ணு வல்லத்துல எந்தப் பக்கம்மா?" என்று இழுத்துக் கேட்டபோது, "எந்தப் பக்கமா இருந்தா உங்களுக்கு என்ன? வாடகை மூணு பேரும் ஒண்ணாத்தான் குடுக்கப் போறோம்" என்று சண்டைக்கே போய்விட்டேன். எங்கள் அப்பா அப்பாதுரையிடமும் இதே சண்டைதான். களத்து வேலைக்கு வருகிறவர்களுக்குத் தனி டம்ளர் வைத்திருந்ததை எடுத்துக் கிணற்றில் போட்டவள் நான். இதையெல்லாம் நான்கு பேரிடம் சொல்லிப் பெருமைப்பட்டும் இருக்கிறேன்.

ஆப் பிறந்தது ஒரு குக்கரால். கழுவாத குக்கரை வைத்து எனக்கும் பரமுவுக்கும் தகராறு. மூன்று நாள் பேச்சுவார்த்தை இல்லை. "தண்ணி வந்துருச்சுன்னு அவகிட்ட சொல்லு" என்று நான் சொல்ல, "வந்தது தெரியும்னு சொல்லு" என்று அவள் சொல்ல, நடுவில் அமலா தூது போய்க் களைத்துவிட்டாள். நான்காம் நாள் எங்கள் இருவரையும் உட்கார வைத்து, "உங்களுக்குப் புடிக்காத வேலை எது, புடிச்ச வேலை எது, எழுதிக் குடுங்க" என்றாள். ஏதோ சமரசம் பேசப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் ஆப் வரைய ஆரம்பித்துவிட்டாள்.

என் வகுப்புப் பழைய கேள்வித்தாள்களின் பின்பக்கம்தான் அவளுக்கு வரைபடத் தாள். ஃபோன் திரை அளவுக்குக் கட்டம் போட்டு, எந்தப் பொத்தான் எங்கே என்று பென்சிலால் வரைவாள். வரைந்ததை எங்கள் கையில் கொடுத்து, "இப்ப இதுதான் ஃபோனு. பாத்திரம் கழுவிட்டீங்க. எங்க அமுக்குவீங்க?" என்பாள். நாங்கள் தப்பான இடத்தில் விரல் வைத்தால் எங்களைத் திட்டமாட்டாள், படத்தை அழித்துவிட்டு வேறு வரைவாள். வேலை செய்யாதவர் பெயருக்குச் சிவப்பு போடச் சொன்னேன். "செவப்பு போட்டா டீச்சர் திட்ற மாதிரி இருக்குதுக்கா" என்று மறுத்துவிட்டாள். கடைசியில் 'யார் முறை' என்று பெயர் வைத்தாள். தினமும் காலையில் ஃபோன் சிணுங்கும். இன்று சமையல் யார், பாத்திரம் யார், தண்ணீர் பிடிப்பது யார், வாரம் இரண்டு தடவை பாத்ரூம் கழுவுவது யார் என்று முறை வைத்துச் சொல்லும். முடித்ததும் 'முடிச்சாச்சு' அமுக்க வேண்டும்.

முடியாத நாளைக்கு 'மாத்திக்கலாமா?' என்று ஒரு பொத்தான். அமலாவுடைய வேலையை நான் எடுத்துக்கொண்டு என்னுடையது ஒன்றை அவளுக்குக் கொடுக்கலாம். அவள் 'சரி' என்று அமுக்கினால்தான் மாறும். மாற்றக் கேட்பவர் காரணம் எழுத வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தது நான். லீவு லெட்டரில் காரணம் இல்லாவிட்டால் நான் கையெழுத்தே போடமாட்டேன், அந்தப் பழக்கம்.

ஆபீஸ் முதலாளி ராஜ்குமார் சாரிடம் அமலா இதைக் காட்டியிருக்கிறாள். "நல்லாருக்கு. மூணு மாசம் நிஜ ஆளுங்க ஓட்டுன கணக்கோட கொண்டா. சரியா இருந்தா டேட்டா என்ட்ரிலருந்து உன்ன ஆப் டீமுக்கு மாத்திடறேன். இல்லன்னா பாண்டிச்சேரிப் பையன் ஒருத்தன் ரெடியா இருக்கான், அவன எடுத்துக்குவேன்" என்று சொல்லியிருக்கிறார். ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் மூன்று மாதமும் ஓட்டினோம். எங்களுக்குள் ஒரு சண்டைகூட வரவில்லை. அக்டோபரில் முதல் புதன்கிழமை காட்ட வேண்டும்.

அதற்கு முந்தின ஞாயிறு காலை. நான் காலாண்டுப் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். அமலா மாதா கோயிலுக்குக் கிளம்பி, கையில் ஒரு கத்தைக் காகிதத்தோடு வந்து நின்றாள். கண்கள் வீங்கியிருந்தன.

"அக்கா, ஆப்புல பக் இருக்குது."

"என்னடி பக்?"

"மூணு பேருக்கும் சமமா வரணும். எனக்கு மட்டும் சமையல் நாலே நாலு காட்டுது, முப்பது வரணும். பாத்ரூம் இருபத்தாறுல இருபத்திநாலு என் பேருல நிக்குது. நாலு நாளா நோண்டிக்கினு இருக்கேன், எங்க தப்புன்னே தெரியல. பொய்ப் பேரு போட்டு ஓட்டுனா சமமா வருதுக்கா. நம்ம பேரு போட்டா மட்டும் கோணலா வருது."

மாற்றிக்கொண்டதை ஆப் இரண்டு மூன்று தடவை எண்ணுகிறதோ என்று அவளுக்குச் சந்தேகம். அதனால் மாற்றிய பதிவுகளையெல்லாம் பிரிண்ட் எடுத்து வந்திருந்தாள். "நீங்க கையால எண்ணிப் பாத்துடுங்க. நான் பூசை முடிஞ்சு வந்ததும் சாருக்கு ஃபோன் பண்ணி, பக் இருக்குது, இப்ப காட்ட முடியாதுன்னு சொல்லிடறேன். தப்பா எண்ணுற ஆப்ப எடுத்துக்கினு போய் அசிங்கப்பட முடியாது" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பாவமாக இருந்தது. இவ்வளவு கஷ்டப்பட்டு கைக்கு எட்டின வேலை போகிறதே என்று, திருத்துகிற சிவப்புப் பேனாவையே எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவளுடைய சமையல் முறை கைமாறியது மொத்தம் இருபத்தாறு தடவை. ஒவ்வொன்றுக்கும் தேதி, கேட்டவர், பதிலுக்குக் கொடுத்த வேலை, காரணம். ஒவ்வொன்றாக டிக் போட்டேன். எதுவும் இரட்டிப்பாக எண்ணப்படவில்லை. முப்பதில் இருபத்தாறு போனால் நாலு. ஆப் சொன்னது நாலு. கூட்டல் கழித்தலில் ஒரு பிசகும் இல்லை.

அப்படியானால் இருபத்தாறு தடவை கேட்டது யார்? பரமு பதினொன்று. வெண்ணிலா பதினைந்து. வெண்ணிலா நான்.

இருக்காது என்று மறுபடி எண்ணினேன். பதினைந்துதான். காரணங்களைப் படித்தேன். 'அப்பா வர்றார்' என்று நான்கு இடத்தில் எழுதியிருக்கிறேன். அந்த மூன்று மாதத்தில் அப்பா வந்தது ஒரே ஒரு தடவை. 'நீ டயர்டா இருப்ப' என்று ஐந்து. பஸ்ஸில் வந்து களைத்தவளுக்குச் சமையலை மிச்சம் பிடித்து, பாத்ரூம் கழுவக் கொடுத்திருக்கிறேன். பாத்ரூம் கழுவக் களைப்பு தடையில்லை போலிருக்கிறது.

பிறகு அமாவாசை. ஆகஸ்டில் ஒன்று, சரி, ஆடி அமாவாசை, தலை முழுகிச் சுத்தமாகச் சமைக்க வேண்டும், நான் செய்கிறேன் என்றது நினைவிருக்கிறது. ஒன்பது நாள் கழித்து மறுபடி 'அமாவாசை'. இன்னும் ஒரு வாரம் கழித்து மறுபடி 'அமாவாசை'. எழுந்து போய் மளிகைக் கடைக்காரர் கொடுத்த மாதக் காலண்டரைப் பார்த்தேன். ஆகஸ்டில் கறுப்பு வட்டம் ஒன்றே ஒன்று. ஒரே மாதத்தில் மூன்று அமாவாசை கொண்டாடியிருக்கிறேன். ஃபோனில் 'அ' என்று தொட்டதும் அதுவே எடுத்துக் கொடுத்திருக்கும் என்று ஃபோன் மேல் பழி போடப் பார்த்தேன். தொட்ட விரல் யாருடையது?

அதோடு விட்டிருக்கலாம். கணக்கு டீச்சர் புத்தி விடவில்லை. அமலா சமைத்த அந்த நான்கு நாள் எவை என்று தேடினேன். ஆடி வெள்ளிக்கு ஒரு நாள், சுதந்திர தின லீவில் ஒரு நாள், பிள்ளையார் சதுர்த்திக்கு இரண்டு நாள். நான்கு நாளும் நான் பனமலையில் இருந்தேன், பரமு மேல்மலையனூரில் இருந்தாள். தொண்ணூறு நாளில் அமலா கையால் ஆக்கியதை நாங்கள் ஒரு வேளைகூடச் சாப்பிடவில்லை. நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நான் திட்டம் போட்டு எதுவும் செய்யவில்லை, சத்தியமாக. திட்டம் போடாமலே இவ்வளவு ஒழுங்காகச் செய்திருக்கிறேன் என்பதுதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. டம்ளரைக் கிணற்றில் போட்டவளும் நான்தான், இதைச் செய்தவளும் நான்தான்.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. உள்ளதைச் சொல்கிறேன், அவள் செருப்பைக் கழற்றும் நேரத்துக்குள் எனக்கு வந்த முதல் யோசனை, 'ஆமா, பக்தான்' என்று சொல்லிவிடலாம் என்பது. அவள் சாருக்கு ஃபோன் போட்டு ஆப்பைக் காட்டவில்லை என்று சொல்லிவிடுவாள். வேலை பாண்டிச்சேரிப் பையனுக்குப் போகும். நான் நல்லவளாகவே இருப்பேன்.

"எண்ணிட்டீங்களாக்கா? சார் பதினோரு மணிக்கு எங்கியோ கெளம்புறாராம். ஜல்தியா சொல்லிடணும்." ஃபோனில் எண்ணைத் தேடிக்கொண்டே வந்தாள்.

"ஃபோன் பண்ணாத."

"ஏன்கா?"

"உன் ஆப்பு சரியா எண்ணுது. தப்பு அதுல இல்ல." காகிதத்தை அவளிடம் நீட்டினேன். 'அமாவாசை' மூன்றையும் நான் சிவப்பில் வட்டம் போட்டிருந்தேன், ஏன் போட்டேன் என்று தெரியவில்லை, கைப்பழக்கம்.

அவள் வாங்கிப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்க்கவில்லை. நான்காக மடித்து மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

"தெரியும்கா" என்றாள்.

எனக்குக் கோபம்தான் வந்தது. வெட்கப்பட வேண்டிய நேரத்திலும் எனக்கு வருவது கோபம். "தெரியுமா? தெரிஞ்சிக்கினு எதுக்கு நாலு நாளா தூங்காம கெடந்த? பக்கு பக்குன்னு எதுக்கு என்னை எண்ணச் சொன்ன?"

"ஆப்பு எழுதுன கோட்லதான் தப்பு இருக்கணும்னு மாதாகிட்ட வேண்டிக்கினேன். கோட்ல இருந்தா நானே சரி பண்ணிடுவேன்ல."

"நீயும்தான ஒவ்வொரு தடவையும் 'சரி'ன்னு அமுக்குன? ஒரு வாட்டியாச்சும் முடியாதுன்னு சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருக்கலாம்." மடியிலிருந்த காகிதத்தை இன்னொரு தடவை மடித்தாள். "சொன்னா அப்பறம் நீங்க என்ன பண்ணுவீங்கன்னு தெரிஞ்சி போயிடும். அதத் தெரிஞ்சிக்க எனக்கு இஷ்டம் இல்லக்கா. இந்த வீட்ட வுட்டா எனக்கு வேற வீடு பாக்கறது பேஜாரு. உங்கள மாதிரி சண்டை போட்டு வீடு வாங்கிக் குடுக்கறவங்களும் இல்ல."

அதை அவள் குத்திக்காட்டச் சொல்லவில்லை. நிஜமாகவே நன்றியோடு சொன்னாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. மன்னிப்புக் கேட்டேன், அழுதேன். அவள் எழுந்து தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

சாயங்காலம் பரமு வேலை முடிந்து வந்ததும் காகிதத்தைக் காட்டினோம். "ஐயோ, நான் அப்படியெல்லாம் பாக்கறவளே இல்ல. எங்க மெடிக்கல்ல எல்லாரும் ஒண்ணாத்தான் உக்காந்து சாப்புடறோம்" என்று நெஞ்சில் அடித்துக்கொள்ளாத குறையாகச் சொன்னாள். 'அப்ப இது என்னடி?' என்று கத்த வாயெடுத்து, அந்தப் பதினொன்றுக்கு மேலே என்னுடைய பதினைந்து இருந்ததால் மூடிக்கொண்டேன்.

புதன்கிழமை நானும் லீவு போட்டு விழுப்புரம் போனேன். பயன்படுத்திய ஆள் ஒருவராவது வந்து சொன்னால் நல்லது என்று அமலாதான் அழைத்தாள். போகும் வழியெல்லாம், அந்தக் கணக்கை மட்டும் காட்டாதே, பொய்ப் பெயர் போட்டு ஓட்டியதைக் காட்டு என்று சொல்ல வேண்டும் போல் நாக்கு துடித்தது. எப்படியோ அடக்கிக்கொண்டேன்.

அந்த மாடி அறையில் எட்டு பேர் இருந்தார்கள். அமலா தன் பழைய சுடிதாரில், குரல் நடுங்காமல், ஒவ்வொரு திரையாகக் காட்டினாள். எங்கே விரல் வைத்தோம், எங்கே குழம்பினோம், எதை ஏன் மாற்றி வரைந்தாள் என்று சொன்னாள். கடைசியில் மூன்று மாதக் கணக்கு திரையில் வந்தது. மூன்று வட்டம், ஆளுக்கு ஒன்று, வேலைக்கு ஒரு நிறம். இரண்டு வட்டத்தில் எல்லா நிறமும் இருந்தன. மூன்றாவது வட்டத்தில் சமையலின் நிறம் ஒரு கீற்று மட்டும்.

"என்னம்மா இது, மூணாவது கோணலா இருக்குது? பக்கா?" என்றார் ராஜ்குமார் சார்.

"இல்ல சார். ஆப்பு சரியாத்தான் எண்ணுது. எங்க வீடு அப்படி."

சார் திரையைப் பார்த்தார், வட்டத்தின் கீழே இருந்த பெயரைப் படித்தார், என்னைப் பார்த்தார். எனக்குக் காது சுட்டது. "எண்ணிப் பாத்தது நான்தான் சார். பைசா தப்பு இல்ல" என்றேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

அவர் அமலா பக்கம் திரும்பி, "அந்தக் காரணம் எழுதுற எடத்த எடுத்துடும்மா. வாங்கறவங்களுக்குச் சங்கடமா இருக்கும்" என்றார். "யோசிக்கிறேன் சார்" என்றாள் அமலா. எடுக்கவில்லை, இன்றுவரை. அடுத்த திங்கட்கிழமையிலிருந்து அவள் ஆப் டீம். சவுரியம்மாளுக்கு ஃபோனில் அதைச் சொன்னபோது, இனிமேல் ரத்த வகை தட்ட வேண்டியதில்லை என்று சிரித்துச் சிரித்துச் சொன்னாள்.

வீட்டில் ஆப்பை நிறுத்தவில்லை. விழுப்புரம் போய்வந்த அந்த வார ஞாயிற்றுக்கிழமை காலை ஃபோன் சிணுங்கியது. சமையல்: அமலா. நானும் பரமுவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். யாரும் எந்தப் பொத்தானையும் தொடவில்லை. காலையிலேயே மார்க்கெட் போய் வந்து, கத்தரிக்காய் போட்டுக் கருவாட்டுக் குழம்பு வைத்தாள். எங்கள் வீட்டிலும் அதே குழம்புதான் வைப்பார்கள், அதே புளி, அதே மிளகாய்த் தூள். வாசனைக்கே பசி எடுத்தது. வட்டமாக உட்கார்ந்தோம். அவள்தான் பரிமாறினாள், எனக்கு முதலில்.

குழம்பை ஊற்றிக்கொண்டு சோற்றில் கை வைத்தேன். கை நின்றது.

ஒரு நொடிதான். நான் நிறுத்தவில்லை, அதுவாக நின்றது. இத்தனையும் தெரிந்த பிறகு, எண்ணி, அழுது, மன்னிப்புக் கேட்ட பிறகு, விழுப்புரம்வரை போய்ச் சாட்சி சொன்ன பிறகு, சோற்றுக்குமேல் என் கை ஒரு நொடி நின்றது. அவசர அவசரமாகப் பிசைந்தேன்.

அமலா பார்த்துவிட்டாள். பார்த்ததை நான் தெரிந்துகொள்ளக் கூடாது என்று தன் தட்டைப் பார்த்துக்கொண்டே, "உப்பு கம்மியாக்கா?" என்று கேட்டாள்.

நான் ஆமாம் என்று தலையாட்டினேன். அவள் எழுந்து போய் உப்பு டப்பாவைக் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தாள். குழம்பில் உப்பு சரியாகத்தான் இருந்தது. மேலே ஒரு கை அள்ளிப் போட்டுப் பிசைந்து, அந்தக் கரித்த சோற்றை ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் தின்று முடித்தேன்.